கழுவுவது மட்டும்

பட்டியம்மாவுக்கு அந்தப் பெயர் பட்டி பூசிப் பூசி வந்தது. அடிபட்ட காரை டிங்கர் என்னதான் தட்டி நிமிர்த்தினாலும் தகரத்தில் கொஞ்சம் மேடு பள்ளம் மிஞ்சும். அதன்மேல் களிம்பு போன்ற பட்டியைப் பூசி, காய்ந்த பிறகு தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்து மட்டமாக்குவாள். தேய்த்துத் தேய்த்து அவள் விரல்நுனியில் ரேகையே இல்லை. பெயிண்ட் அடித்துவிட்டால் பட்டி கண்ணுக்குத் தெரியாது. அதனால் வண்டி எடுக்க வருகிறவர்கள் அவளைக் கண்டுகொள்வதும் இல்லை. பளபளப்பைப் பார்த்து, "பெயிண்டர், கலக்கிட்டீங்க!" என்று அவள் புருஷனின் கையைத்தான் குலுக்குவார்கள். "ஆமாமா, எல்லாம் அவர் கைராசி. நான் சும்மா வேடிக்கை பாத்துட்டு இருந்தேன்" என்பாள் அவள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனாலும் பெயிண்டருக்குச் சுருக்கென்று இருக்கும்.

அவருக்கு இந்த உலகத்தில் 'என்னோடது' என்று சொல்லிக்கொள்ள இருந்தது ஒரே பொருள்தான், பெயிண்ட் அடிக்கும் கன். பெற்ற மகளைக்கூட 'உன் மக' என்றுதான் சொல்வார். அந்த மகள் கல்யாணமாகி வெளியூர் போன நாளில் கலங்காத மனுஷன், ஒரு தடவை கன் கை தவறித் தரையில் விழுந்தபோது சோறு இறங்காமல் கிடந்தார். யாருக்கும் இரவல் தர மாட்டார். கழுவுவதற்குக்கூட அடுத்தவர் கையில் கொடுத்ததில்லை. இதைச் சொல்லி டிங்கர் கிண்டல் செய்தால், "பல் துலக்குற பிரஷ்ஷ ஊருக்கெல்லாம் குடுப்பியாடா?" என்று கேட்பார்.

அவர்களுடையது ஒரு தகரக் கொட்டகை. முன்பாதியில் டிங்கர் நாளெல்லாம் டமடமவென்று தட்டிக்கொண்டிருப்பான். பின்பாதி இவர்களுக்கு. நடுவில் தொங்கும் பிளாஸ்டிக் திரைக்கு அந்தப் பக்கம் பெயிண்ட் அடிக்கும் இடம், பெயிண்ட் புகையை வெளியே தள்ளும் ஒரு பெரிய விசிறியோடு. அதையும் தாண்டினால் கொட்டகைக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. ஒரு குழாய், பெயிண்டைக் கரைத்துக் கழுவின தின்னரைக் கொட்ட ஒரு டிரம், கவிழ்த்துப் போட்ட பக்கெட். அந்தப் பக்கெட்டில் உட்கார்ந்துதான் பெயிண்டர் கன் கழுவுவார்.

கழுவுவதில் அவர் தனி ரகம். மிச்சம் இருக்கும் பெயிண்டைக் கொட்டிவிட்டுக் கன்னோடு மாட்டியிருக்கும் கோப்பையில் கொஞ்சம் தின்னர் ஊற்றுவார். கன்னின் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு டிரிகரை அழுத்துவார். முன்னால் போக வழியில்லாத காற்று திரும்பி வந்து கோப்பைக்குள் குபுகுபுவென்று பொங்கும். உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் பெயிண்டெல்லாம் கலங்கி மேலே வரும். இதற்கு அவர் வைத்த பெயர் வாய் கொப்பளிக்க வைப்பது. "நாம சாப்பிட்டா கொப்பளிக்கிறோம்ல? அதுவும் இவ்வளவு நேரம் சாப்பிட்டுச்சுல்ல?" என்பார். அப்புறம் முன்மூடியை மட்டும் கழற்றிக் கிண்ணத்தில் ஊறப்போடுவார். முழுக் கன்னையும் தின்னரில் முக்கி வைக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் ஊதிப்போய்க் கண்ட இடத்தில் ஒழுக ஆரம்பித்துவிடும். மூடியில் இருக்கும் பொடித் துளைகளைப் பல்குச்சியால்தான் குத்த வேண்டும். கம்பியை விட்டால் துளை பெரிதாகி, பெயிண்ட் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும். நீள ஊசியை உருவித் துடைத்து, அதன் கழுத்தில் ஒரு பொட்டு எண்ணெய் வைத்து மாட்டுவார்.

கடைசியில் ஒரு வேலை செய்வார். சுத்தமான தின்னரைக் கொஞ்சம் ஊற்றி, காற்றில் புஸ்ஸென்று அடித்து, மூக்கை நீட்டி மோந்து பார்ப்பார். கடைசிப் பூச்சில் ஹார்டனர் என்று ஒன்றைக் கலப்பார்கள். பெயிண்டை இறுகச் செய்து கண்ணாடி மாதிரி ஆக்குவது அதுதான். கன்னுக்குள் அது துளி தங்கினாலும் ஊசியையும் துளையையும் ஒன்றாக ஒட்டிவிடும். ஹார்டனர் வாடை துளியும் இல்லாமல் தின்னர் வெறும் தின்னராக மணந்தால்தான் கழுவினதாக அர்த்தம். இல்லையென்றால் மறுபடியும் கொப்பளிக்க வைப்பார். மூக்கைத் தவிர வேறு எதையும் அவர் நம்பியதில்லை. முகமூடியைப் போட்டுக்கொண்டு எப்படி மோந்து பார்ப்பது? அதனால் திரைக்குள் அடித்துவிட்டு வந்ததும் முகமூடியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் சந்துக்குப் போவார். அடிக்கிறபோது முகமூடி, கழுவுகிறபோது மூக்கு. அவர்கள் தொழிலில் பாதிப் பேர் அப்படித்தான்.

முதலில் வெறும் இருமல் என்றுதான் இருந்தார்கள். அப்புறம் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது. அதன்பின் படுத்தால் நெஞ்சு அடைத்தது. சுவரில் தலையணையை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினார். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம். "ராத்திரியெல்லாம் கச்சேரி" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடிப்பதற்குள் உதடு நீலம் பாய்ந்துவிடும்.

டாக்டரம்மா குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்தாள், ரத்தம் எடுத்துப் பார்த்தாள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள்.

"அந்த ஹார்டனர் உங்க உடம்புக்கு ஆகாமப் போச்சு. இவ்வளவு வருஷம் தாங்கின உடம்பு இனிமே தாங்காது. துளி மூக்குக்குள்ள போனாலும் மூச்சுக்குழாய் மூடிக்கும். ஒரு நாள் மூடினது தொறக்காமலே போயிடலாம். பெயிண்ட் அடிக்கிறத இன்னையோட விட்டுடுங்க."

"அடிக்கிறதயா?" என்றார் பெயிண்டர், காதில் சரியாக விழாதவர் போல.

"அடிக்கிறதத்தான்."

இந்த மனுஷன் உயிரோடு இருக்க வேண்டும். அதற்குமேல் பட்டியம்மாவுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. வீட்டு வாசல்படியில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள்.

"நான் அடிக்கிறேன். நீங்க வெளிய உக்காந்து சொல்லிக்குடுங்க."

"நீயா?"

"ஏன், பட்டி பூசின கை பெயிண்ட் அடிக்காதா?"

அடித்தது. ஆனால் சுலபமாக இல்லை. முதல் கதவில் கன்னைக் கிட்டே பிடித்துவிட்டாள். பெயிண்ட் கோடு கோடாக ஒழுகி வந்தது. "காருக்குச் சளி பிடிச்சிருக்கு, மூக்கச் சிந்தி விடு மேஸ்திரி" என்று திரைக்கு வெளியே இருந்து குரல் வந்தது. அடுத்த கதவில் தள்ளிப் பிடித்தாள், சொரசொரப்பாகப் போனது. தேய்த்துவிட்டு மறுபடி அடித்தாள். அதிலிருந்து அவர் அவளை மேஸ்திரி என்றே கூப்பிட ஆரம்பித்தார். கிண்டல்தான். ஆனால் அந்தக் கிண்டலுக்குள் எவ்வளவு வலி இருந்தது என்று அவளுக்குத் தெரியும். அவள் அடித்து முடித்த பானட்டை அவர் விரலால் தொடாமல் ஓரமாக நின்றுதான் பார்ப்பார்.

முதல் நாள் அடித்து முடித்து அவள் கன்னோடு சந்துப் பக்கம் போனபோது அவர் கையை நீட்டினார்.

"குடு அத."

"எதுக்கு?"

"கழுவத்தான். அடிக்கக் கூடாதுன்னு தானே சொன்னாங்க? கழுவக் கூடாதுன்னா சொன்னாங்க?"

அவள் கொடுத்தாள். இதை அழுத்திச் சொல்ல வேண்டும், அவளேதான் கொடுத்தாள். கன்னை வாங்கும்போது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து, அப்பாடா, இதாவது மிச்சம் இருக்கிறதே என்று மனசு குளிர்ந்துதான் கொடுத்தாள். கழுவுவது ஒரு வேலையா என்ன? அடித்தால்தான் வேலை. கழுவுவது வேலை முடிந்த பிறகு செய்வது. அவள் முகமூடியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அவர் பக்கெட்டில் உட்கார்ந்து கன்னைக் கொப்பளிக்க வைத்தார்.

உடம்பு தேறவில்லை. அடிப்பதை விட்டும் ஏன் தேறவில்லை என்று வீடு மண்டையை உடைத்துக்கொண்டது. அடுத்த தெருவில் இருந்த நாத்தனார், வாய் ஓயாத ஆள், வந்த கையோடு விசாரணை நடத்தினாள்.

"அண்ணி, இந்தத் தலையணையப் பாருங்க, எந்தக் காலத்துப் பஞ்சு இது? அண்ணன் மூக்குல போகாம எங்க போகும்?"

தலையணை குப்பைக்குப் போனது. அடுத்து வீட்டுக்குள் வந்து போய்க்கொண்டிருந்த பூனைமேல் பழி விழுந்தது. டிங்கர் அதைச் சாக்கில் பிடித்துக்கொண்டுபோய் எங்கேயோ விட்டுவிட்டு வந்தான். அதன்பின் தாளிக்கிற புகை. பட்டியம்மா தாளிப்பதை நிறுத்தினாள். பத்தியச் சாப்பாடு மாதிரி ஒன்றை எல்லோரும் முகம் சுளித்துத் தின்றார்கள். கடைசியில் அவளுடைய தலையெண்ணெய். "வாசனை எண்ணெய் வேணாம் அண்ணி, அண்ணனுக்கு ஒத்துக்கல போல." அவள் தலைக்கு எண்ணெய் வைப்பதையும் விட்டாள். டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் கேட்பாள், "பெயிண்ட் அடிக்கிறத விட்டுட்டாருல்ல?" அவளும் கண்ணை இமைக்காமல் சொல்வாள், "விட்டுட்டாரு. இப்ப நான்தான் அடிக்கிறேன்." பொய் ஒரு சொல்லும் இல்லை. டாக்டரம்மா தலையை ஆட்டிவிட்டு மருந்தைக் கூட்டி எழுதுவாள்.

பிறகு கம்ப்ரசரின் மோட்டார் கருகியது. காற்று இல்லாமல் கன் வெறும் இரும்பு. ரிப்பேருக்குப் போன மோட்டார் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று இழுத்தது. பட்டியம்மா பட்டி வேலையை மட்டும் பார்த்தாள். அந்த நாட்களில் வீட்டில் ஒரு அதிசயம் நடந்தது. பெயிண்டர் மல்லாந்து படுத்துத் தூங்கினார். ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்க் காயப்போட்டுவிட்டு வந்தார். கடைசி மீன் துண்டுக்காகத் தங்கையோடு சின்னப்பிள்ளை மாதிரி சண்டை போட்டார். "பாத்தீங்களா அண்ணி, தலையெண்ணெய்தான்" என்று நாத்தனார் மார்தட்டிக்கொண்டாள்.

மோட்டார் வந்தது. அன்றைக்கே பட்டியம்மா தேங்கிக் கிடந்த ஒரு வண்டியை அடித்து முடித்தாள். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது பெயிண்டர் படிக்கட்டின் பாதியில் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி. அவள் பதறிப்போய், மூச்சுத் திணறினால் அடிக்க டாக்டரம்மா கொடுத்திருந்த பம்ப்பை எடுத்து அவர் வாயில் வைத்து அழுத்தினாள். மூச்சு கொஞ்சம் திரும்பியதும் கேட்டாள்.

"இன்னைக்கு என்ன பண்ணினீங்க?"

"என்ன பண்ணினேன்? வாசல்ல உக்காந்திருந்தேன். நீ அடிச்சு முடிச்சதும் கன்னக் கழுவினேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். பட்டியம்மா அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். திரைக்குள்ளே விசிறி ஓடுகிறது, முகமூடி இருக்கிறது. சந்தில் விசிறியும் இல்லை, முகமூடியும் இல்லை. கன்னை முகத்துக்கு நேராகப் பிடித்துக் கொப்பளிக்க வைத்து, கடைசியில் மூக்கையும் நீட்டி இழுக்கிறார். தினமும் தன் கையால்தான் அந்தக் கன்னை அவரிடம் நீட்டியிருக்கிறாள்.

மறுநாள் தனியாகப் போய் டாக்டரம்மாவிடம் சொன்னாள். டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டாள்.

"கழுவுறாரா? அதுவும் அதேதாம்மா. இன்னும் மோசம். ஐயோ, நான் அடிக்கிறதப் பத்தி மட்டுமே கேட்டுட்டு இருந்திருக்கேன். கழுவுறது யாருன்னு கேட்டிருக்கணும்." பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே ஒரு தடவகூட வேணாம். புரியுதா? அவர் உடம்பு இப்ப நூல்ல தொங்குது."

வீட்டில் அன்றைக்கு நடந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது, போர்தான்.

"அந்தம்மாவுக்குக் கன்ன எந்தப் பக்கம் பிடிக்கணும்னாவது தெரியுமா? கழுவுறதுல என்னடி இருக்கு? சட்டி பானை கழுவுற மாதிரி."

"சட்டி பானைய நீங்க என்னைக்குக் கழுவினீங்க, அதச் சொல்லுங்க மொதல்ல."

"பேச்ச மாத்தாத."

"சரி, கழுவுங்க. முகமூடி போட்டுட்டுக் கழுவுங்க."

"மோந்து பாக்காம எப்படிக் கழுவுறது? கண்ணக் கட்டிட்டு நடன்னு சொல்ற மாதிரி இருக்கு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். அப்புறம் குரல் இறங்கியது. "அடிக்கிறத எடுத்துக்கிட்ட. இப்ப கழுவுறதையும் எடுத்துக்கிட்டா நான் அங்க எதுக்கு? வாசல்ல உக்காந்து ஈ ஓட்டவா?"

அவள் பம்ப்பை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

கடைசியில் தொட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். பட்டியம்மாவே முகமூடியோடு சந்தில் நின்று, அவர் செய்வதைப் பார்த்த ஞாபகத்தில் கழுவினாள். டிங்கரிடமும் சொல்லி வைத்தாள். "அண்ணன் கன்னத் தொட்டா உடனே எனக்குப் போன் போடு." ஆனால் காலையில் வந்து பார்த்தால் கன் அவள் வைத்த மாதிரி இருக்காது. முன்மூடி இன்னும் இறுக்கமாக இருக்கும்; கழுத்தில் புது எண்ணெய் மினுங்கும். அவருடைய சட்டையில் தின்னர் நாறும். கேட்டால், "நீ கழுவினது கழுவலா? மூடியில மூணு துளை அடைச்சிருந்துச்சு" என்பார், மாட்டிக்கொண்ட வெட்கத்தை மறைத்துக்கொண்டு. அவள் கன்னைப் பீரோவில் ஒளித்தாள், எடுத்துவிட்டார். கொட்டகைச் சாவியை மறைத்தாள். அவரிடம் இன்னொன்று இருந்தது. ஒவ்வொரு தடவைக்கும் பிறகு கச்சேரி இன்னும் பலமாகக் கேட்டது. பம்ப் போதாமல் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

கன் இருக்கும்வரை இந்த மனுஷன் கழுவாமல் இருக்க மாட்டார். இதில் அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் போனது. காணாமல் போய்விட்டது என்று சொன்னால்? டிங்கரைச் சந்தேகப்படுவார், தெருவையே புரட்டிப்போடுவார், கிடைக்காவிட்டால் அதே மாதிரி இன்னொன்று வாங்கிவிடுவார். அது சாக வேண்டும்; செத்ததை அவர் தன் கண்ணால் பார்க்கவும் வேண்டும். பார்த்துவிட்டால் அதன் இடத்தில் வேறொன்றை வைக்க அவருக்கு மனசு வராது. அப்புறம் அவள் ஒரு மட்டமான கன் வாங்கிக்கொள்வாள். அந்த மாதிரி கன்களை அவர் தகரடப்பா என்பார்; கௌரவம் பார்க்கிறவர், அதைக் கையால் தொடமாட்டார். கன் செத்துப்போனால் கொஞ்ச நாள் துக்கம் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். ஆள் மிஞ்சுவாரே.

கொட்டகைக்கு விடுமுறை வந்த நாளுக்கு முந்தின சாயங்காலம் அதைச் செய்தாள். அவர் அன்று தங்கை வீட்டில் இருந்தார். டிங்கரும் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான். கடைசிப் பூச்சை ஹார்டனர் தூக்கலாகக் கலந்து கோப்பை நிறைய ஊற்றினாள். டிரிகரை ஒரு முறை அழுத்தி, ஊசி வழி முழுக்க அது இறங்குவதைப் பார்த்தாள். பிறகு கன்னை அப்படியே மேஜையில் வைத்தாள். கழுவாத கன்னை வைத்துவிட்டு வெளியே போக அவள் கால் நகரவில்லை. ஏதோ பச்சைப்பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டுப் போவது மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பூட்டினாள். 

விடுமுறை கழிந்த காலையில் அவளே அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். "மறந்துட்டேங்க. கழுவாமப் போயிட்டேன்."

அவர் கன்னைக் கையில் எடுத்தார். டிரிகர் அசையவில்லை. கோப்பைக்குள் பூச்சு கண்ணாடிக்கட்டியாக இறுகிப்போயிருந்தது. ஊசியின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், வரவில்லை. அவர் கத்துவார், கையில் கிடைத்ததைத் தூக்கி எறிவார் என்று எதிர்பார்த்து அவள் விறைத்து நின்றாள். கத்தினால் தேவலை என்று இருந்தது. அவரோ நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள். அது நடிப்பு இல்லை.

"சீ, இதுக்குப் போயா அழுவ?" என்றார். "இரும்புதானே. போனா போகுது, விடு மேஸ்திரி. ஒண்டியா எத்தன வேலையத்தான் பாப்ப நீ? நான் கழுவிட்டு இருந்திருந்தா இது நடந்திருக்குமா? உன்மேல தப்பில்ல."

இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் இவ்வளவு இதமாகப் பேசியதில்லை. வேண்டுமென்றே செய்தேன் என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் வீம்புக்கு நாளைக்கே புதுக் கன்னோடு வந்து நிற்பார். வாயை மூடிக்கொண்டாள். அன்றைக்குப் பூராவும் அவர் அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். அவளால்தான் சிரிக்க முடியவில்லை. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த நாள் அவள் தகரடப்பா ரகத்தில் ஒரு கன் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள். மனசில் பாரம் இருந்தாலும் நடையில் ஒரு லேசு வந்திருந்தது. கழுவ இனி ஒன்றும் இல்லை. கொஞ்ச நாளில் மல்லாந்து படுப்பார், மாடிக்குத் துணி கொண்டுபோவார். வரும் வழியில் அவருக்குப் பிடிக்குமே என்று மீன்கூட வாங்கினாள். விலை பேசிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. டிங்கர். அவன் அழுகையில் ஒரு வார்த்தையும் விளங்கவில்லை.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நாத்தனார் நடைக்கூடத்தின் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு, "எங்க அண்ணன் தொழில் மேல உசிரையே வெச்சிருந்தானே, அந்தத் தொழிலே தூக்கிட்டுப் போச்சே" என்று அரற்றிக்கொண்டிருந்தாள். பட்டியம்மா அவரைப் பார்த்துவிட்டு வந்தாள். நெற்றி இன்னும் சில்லிட்டிருக்கவில்லை. நகக்கண்ணில் பெயிண்ட் இருந்தது. கையில் மீன் பை தொங்குவது தெரியாமல் பெஞ்சில் உட்கார்ந்தாள். டிங்கர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நீங்க கெளம்பின கொஞ்ச நேரத்துல அண்ணன் வந்தாரு, அண்ணி. கன்ன எடுத்துட்டுச் சந்துக்குப் போனாரு. செத்த கன்னுதானேன்னு நானும் விட்டுட்டேன். அப்புறம் பாத்தா, சூட்டுக்காத்து அடிக்கிற மெஷின வெச்சு அத இளக்கிட்டு இருக்காரு. பெயிண்டக் கரைக்கிற ரிமூவர் ஊத்துறாரு, சூடு காட்டுறாரு, மறுபடி ஊத்துறாரு. ஒரே புகை. வேணாம்ணே, அண்ணிக்குப் போன் போடப்போறேன்னு போன எடுத்தேன். பிடுங்கிட்டாரு."

"ஏன்?" என்றாள் அவள்.

"'அவ முகத்தப் பாத்தியாடா?'ன்னு கேட்டாரு, அண்ணி. 'நேத்துலேருந்து செத்த முகமா இருக்கா. எங்கிட்ட ஒரு பேச்சுப் பேசல. கன்னப் பாழாக்கிட்டோமேன்னு உள்ளுக்குள்ள குமைஞ்சிட்டு இருக்கா. எனக்கு இந்தக் கன்னு வேணாம்டா, அவ வர்றதுக்குள்ள சரி பண்ணிக் காட்டிட்டா அவளுக்கு மனசு ஆறிடும். இதுதான் கடைசி'ன்னாரு." டிங்கர் சட்டையால் மூக்கைத் துடைத்தான். "ஊசி வந்துடுச்சு, அண்ணி. டிரிகர் அசையுது பாருன்னு எங்கிட்டக் காட்டினாரு, அவ்வளவு சந்தோஷம். 'நீ சொல்லிடாத, நானே காட்டுறேன்'னாரு. சொல்லிட்டு மோந்து பாத்தாரு. அப்படியே உக்காந்துட்டாரு."

நடைக்கூடத்தில் யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பட்டியம்மாவுக்கு அழுகை வரவில்லை.

"நீங்க மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க, அண்ணி" என்றான் டிங்கர். "மறதி எல்லாருக்கும் வர்றதுதான். மறந்தது ஒரு குத்தமா? அண்ணனே அப்படித்தான் சொன்னாரு."

"மறக்கலப்பா" என்றாள் அவள்.

அவன் அவள் தோளைத் தொட்டுக்கொண்டு உடைந்து அழுதான். "எப்படி அண்ணி மறக்க முடியும், எப்படி மறக்க முடியும் அவர?"

"நான் மறக்கல" என்று அவள் மறுபடியும் சொன்னாள். நாத்தனார் தரையில் இருந்து எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "மறக்க வேணாம் அண்ணி, யாரு உங்கள மறக்கச் சொன்னா?" என்று சொல்லிச் சொல்லி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.